மலைக்குக் கிடைத்த பெயர்

அமெரிக்க அரசின் மேற்குப் பகுதி சர்வேக்கள் 1870-களில் வெளியிட்ட புகைப்படங்கள் கனத்த அட்டைகளில் ஒட்டப்பட்டவை. பெரும்பாலானவற்றில் தெரிவது பாறை, ஆறு, வெற்று வானம். மனிதர்கள் அபூர்வம். ஆனால் அட்டையின் விளிம்பில் அச்சாகியிருக்கும் எழுத்துக்களில் மனிதர்கள் இருக்கிறார்கள், அதுவும் பதவி வரிசைப்படி. 1871-ல் கொலராடோ ஆற்றின் வழியே போன பயணத்தின் படங்களில், பயணம் லெப்டினன்ட் வீலரின் தலைமையில் நடந்தது என்று எழுதியிருக்கிறது. படத்தை எடுத்த டிமதி ஓ'சல்லிவனின் பெயர் ஓரமாகச் சிறிய எழுத்தில். அதே காலத்தில் வில்லியம் ஹென்றி ஜாக்ஸன் எடுத்த படங்களிலும் சர்வேயின் தலைவர் ஹேடன்தான் 'பொறுப்பாளர்'. கேமராவைச் சுமந்த கோவேறு கழுதையை ஓட்டியவர், ஆற்றின் எதிரோட்டத்தில் படகை இழுத்தவர், சோறு பொங்கிப் போட்டவர் ஆகியோருக்கு அந்த அட்டையில் இடமில்லை.

அமெரிக்காவின் ஆரம்ப கால இயற்கைக் காட்சிப் படங்களை மனிதனின் கை படாத பூமியின் சித்திரங்களாகப் பார்ப்பதுதான் வழக்கம். நாள்காட்டிகளும் அருங்காட்சியகங்களும் அவற்றை அப்படித்தான் முன்வைத்தன. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அவற்றுக்குள் ஓர் ஏணி தெரிகிறது. யார் கேமராவுக்குப் பின்னால், யார் முன்னால், யார் சட்டத்துக்கு வெளியே என்பதெல்லாம் அந்த ஏணியின் படிகள். எந்தப் படியில் யார் நின்றார் என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. யாருடைய பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அன்றைய தொழில்நுட்பமே பல கைகளை நம்பியிருந்தது. 'ஈரத் தகடு' என்பது அந்த முறையின் பெயர். கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை வழியவிட்டு, சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டில் வைத்துக் கழுவிவிட வேண்டும். கால் மணி நேரம் தாமதித்தால் தகடு வீண். ஆகவே புகைப்படக்காரர் ஏறும் மலையெல்லாம் இருட்டறையும் கூடவே ஏற வேண்டியிருந்தது. நெகட்டிவை வைத்துப் படத்தைப் பெரிதாக்குவது அன்று நடைமுறைக்கு ஒத்துவராத காரியம். பெரிய படம் வேண்டுமென்றால் அதே அளவுக்குப் பெரிய கண்ணாடி வேண்டும். அதற்கேற்ற பெரிய கேமரா வேண்டும்.

1867-ல் நெவாடாவின் கார்ஸன் பாலைவனத்தில் ஓ'சல்லிவன் எடுத்த ஒரு படம் பிரபலமானது. மணல்மேடுகளுக்கு நடுவே நான்கு கோவேறு கழுதைகள் பூட்டிய கூண்டு வண்டி நிற்கிறது. ராணுவ ஆம்புலன்ஸ் வண்டியாக இருந்து நடமாடும் இருட்டறையாக மாறியது அது. வண்டியிலிருந்து கேமரா இருக்கும் இடம்வரை மணலில் காலடித் தடங்கள். ஒரு மலையைப் படமெடுக்க ஒரு சிறு ஊர்வலமே தேவைப்பட்டது. படத்தில் மலை மட்டும் மிஞ்சியது.

ஈரத் தகட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒளியை அது மெதுவாகத்தான் வாங்கும். பாயும் அருவி பால் போலப் பதியும். அசையும் இலை மங்கிவிடும். நடந்து போகிறவர் பதியவே மாட்டார், அல்லது புகைபோல ஒரு கறை விழும். யாரை 'அசையாமல் நில்' என்று நிறுத்திவைத்தார்களோ அவர்தான் படத்துக்குள் வந்தார்.

இந்தக் கலையின் முதல் பெரிய பெயர் கார்ல்டன் வாட்கின்ஸ். நியூயார்க் மாநிலத்தின் ஒனியான்டா என்ற சிற்றூரில் 1829-ல் பிறந்தவர். தங்க வேட்டைக் காலத்தில் கலிஃபோர்னியா போனவர். 1861-ல் ஒரு டஜன் கோவேறு கழுதைகளோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் நுழைந்தார். தனக்கென்று செய்வித்துக்கொண்ட பிரும்மாண்டமான கேமரா. 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகள். 30 பெரிய நெகட்டிவ்களும், ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்துப் பார்க்கும் இரட்டைப் படங்கள் சுமார் 100-ம் எடுத்துக்கொண்டு திரும்பினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கின் கூப்பில் கேலரியில் அந்தப் படங்கள் மாட்டப்பட்டன. உள்நாட்டுப் போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த நாட்டில், யாரும் இல்லாத, ரத்தம் படியாத ஒரு பள்ளத்தாக்கு மக்களைக் கட்டிப்போட்டது. 1864 ஜூன் 30-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் யோசெமிட்டியைப் பொதுமக்களின் அனுபவத்துக்காக ஒதுக்கியது. அதற்கு வாட்கின்ஸின் படங்களும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

ஆனால் அங்கு ரத்தம் படிந்து பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1851-ல் மரிப்போஸா பட்டாளம் என்ற தொண்டர் படை அந்தப் பள்ளத்தாக்கில் புகுந்தது. அங்கே வாழ்ந்த அவானிச்சி மக்களின் குடியிருப்புகளையும் அவர்கள் சேமித்து வைத்திருந்த உணவையும் கொளுத்தியது. தலைவர் தெனாயாவின் இளைய மகன் சுட்டுக் கொல்லப்பட்டான். பிறகு மலைமேல் ஓர் ஏரிக்கரையில் அந்த மக்களை வளைத்துப் பிடித்தார்கள். பட்டாளத்தோடு போன லஃபாயெட் பன்னல் என்பவர், அந்த ஏரிக்கு உன் பெயரைச் சூட்டுகிறோம் என்று தெனாயாவிடம் பெருமையாகச் சொன்னார். அதற்கு ஏற்கனவே பெயர் இருக்கிறது, பைவீயாக் என்று தெனாயா பதில் சொன்னதைப் பன்னலே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இன்றைக்கும் வரைபடத்தில் அது தெனாயா ஏரிதான். ஒரு மனிதரின் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு அதற்கே அவர் பெயரை வைப்பது ஒருவகை மரியாதை என்று பன்னல் மனதார நம்பினார்.

வாட்கின்ஸின் தலைப்புகளில் இந்த விசித்திரம் தொடர்கிறது. எல் காப்பிடான் பாறையை அவர் 'டுடோகனுலா' என்றும், ஹாஃப் டோம் சிகரத்தை 'டாஸயாக்' என்றும் குறித்தார். பூர்வகுடிகளின் சொற்கள் படத்தின் கீழே இடம்பெற்றன. அந்தச் சொற்களைப் பேசியவர்கள் படத்தில் இல்லை. அவர்களில் பலர் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்திருந்தார்கள். பின்னர் சுற்றுலா வளர வளர, ஓட்டல்களுக்கு விறகு வெட்டியும் துணி வெளுத்தும் பிழைத்தார்கள்.

அந்தப் படங்களின் அழகிலேயே அவர்களின் கைவேலை இருக்கிறது என்பது இன்னொரு விஷயம். பள்ளத்தாக்கின் அடித்தளத்தில் புல்வெளி விரிந்து, கருவாலி மரங்கள் இடைவெளி விட்டுப் பூங்கா போல நிற்கும். அது தானாக அமைந்ததல்ல. கருவாலிக் கொட்டைதான் அந்த மக்களின் பிரதான உணவு. அதற்காகத் தலைமுறை தலைமுறையாகப் புதர்களுக்குச் சிறு தீ மூட்டி நிலத்தைப் பராமரித்தார்கள். அவர்களை அகற்றித் தீ மூட்டுவதைத் தடுத்த பிறகு ஊசியிலை மரங்கள் அடர்ந்து புல்வெளிகள் சுருங்கின. பிற்காலத்தில் அதே இடங்களில் நின்று எடுக்கப்பட்ட படங்களை ஒப்பிட்டால் இது தெளிவாகத் தெரிகிறது. கை படாத காடு என்று உலகம் வியந்தது பலர் உழைத்துப் பேணிய தோட்டம்.

படத்துக்குள் வந்த மனிதர்கள் எந்த வேடத்தில் வந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. முதல் வேடம் அளவுகோல். மரமோ பாறையோ எவ்வளவு பெரியது என்று காட்ட ஒருவரை அதன் அடியில் நிறுத்துவார்கள். ராட்சத செகோயா மரமான 'கிரிஸ்லி ஜயன்ட்'டின் அடியில் எறும்பு போல நிற்கும் மனிதர்களை வாட்கின்ஸ் எடுத்திருக்கிறார். அவர்களில் கேலன் கிளார்க் யார் என்று தெரியும், ஏனென்றால் அவர் பின்னால் யோசெமிட்டியின் காப்பாளர் ஆனவர். 1871-ல் யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகளில் ஜாக்ஸனுக்காக நின்றவர் ஓவியர் தாமஸ் மோரன். அவருக்கும் பெயர் உண்டு. அளவுகோலாக நின்றாலும் கனவான் கனவான்தான்.

இரண்டாவது வேடம் 'மாதிரி'. இது பூர்வகுடிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கொலம்பஸின் தப்புக் கணக்கால் 'இந்தியர்' என்ற பெயரைச் சுமக்க நேர்ந்தவர்கள் அவர்கள். தமிழில் 'செவ்விந்தியர்' என்று இன்னொரு அடைமொழியும் சேர்ந்தது. ஒரு மலைக்கு உயரம் எத்தனை அடி என்று துல்லியமாக எழுதிய அட்டைகள், மனிதருக்கு இனத்தின் பெயரை மட்டும் எழுதின. 1873-ல் ஓ'சல்லிவன் எடுத்த நவஹோ நெசவாளர் படம் அருமையான படம். தறியும் நூலும் சோளக்கதிர்களும் தெளிவாகத் தெரிகின்றன. தலைப்பு 'நவஹோ இந்தியரிடையே ஆதி வாழ்க்கை' என்ற பொருளில் இருக்கிறது. தறியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பெயர் இல்லை. விதிவிலக்குகள் இருந்தன. 1871 பயணத்தில் வழிகாட்டியும் மொழிபெயர்ப்பாளருமாக இருந்த மொஹாவி இனத்தவர் ஒருவர் மைமன் என்ற தன் பெயரோடு படத்தில் இருக்கிறார். சர்வேயின் சம்பளப் பட்டியலில் இடம் கிடைத்தவருக்குப் படத்தின் அடியிலும் இடம் கிடைத்தது.

பெயர் இல்லாதவருக்கு எந்தப் பெயரையும் ஒட்டலாம். 1873-ல் கலிஃபோர்னியாவின் வட எல்லையில் மோடாக் மக்களுக்கும் ராணுவத்துக்கும் போர் நடந்தது. ராணுவத்துக்காக அங்கே போன எட்வர்ட் மைப்ரிட்ஜ், எரிமலைப் பாறைகளுக்கு இடையில் துப்பாக்கியோடு பதுங்கியிருக்கும் ஒருவரைப் படமெடுத்தார். 'போர்க்களத்தில் மோடாக் வீரன்' என்று படம் விற்பனையானது. உண்மையில் அவர் மோடாக் அல்ல. மோடாக் மக்களை எதிர்த்துப் போரிட ராணுவம் அழைத்து வந்த வார்ம் ஸ்பிரிங்ஸ் பகுதி சாரணர்களில் ஒருவர். வாங்கியவர்கள் யாரும் வித்தியாசம் கேட்கவில்லை.

பழைய இடிபாட்டைக் காட்டிப் புதிய இடிபாட்டை மறைக்கவும் முடியும் என்பதற்கு உதாரணம், ஓ'சல்லிவனின் ஆகப் புகழ்பெற்ற படம். இன்றைய அரிஸோனாவில் உள்ள கான்யன் டி ஷே என்ற பள்ளத்தாக்கில் 1873-ல் எடுத்தது. கோடு கோடாக வெயில் வழியும் பிரும்மாண்டமான செங்குத்துப் பாறை. அதன் பொந்தில், பல நூற்றாண்டுகளுக்கு முன் ப்யூப்ளோ மக்களின் மூதாதையர் கட்டிய வீடுகளின் சிதைவுகள். கீழே சின்னஞ்சிறு மனிதர்கள். தலைப்பு 'பண்டைய இடிபாடுகள்'. பார்ப்பவருக்கு, எப்போதோ மறைந்துபோன ஒரு நாகரிகத்தின் நினைவு வரும்.

ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்புதான் வேறொரு அழிவு நடந்திருந்தது. 1864 ஜனவரியில் கிட் கார்ஸனின் படை உள்ளே நுழைந்தது. நவஹோ மக்களின் வீடுகள், ஆடுகள், சோளக் கொல்லைகள் அழிக்கப்பட்டன. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர்கள் வளர்த்த ஆயிரக்கணக்கான பீச் மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டன. 8,000-க்கும் அதிகமானோர் நூற்றுக்கணக்கான மைல்கள் நடத்தியே கொண்டுபோகப்பட்டு, நியூ மெக்ஸிகோவின் பாஸ்கே ரெடோண்டோவில் அடைக்கப்பட்டார்கள். 'நெடு நடை' என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் துயரம் அது. 1868-ல் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்கள். ஓ'சல்லிவன் கேமராவை நிறுத்தியபோது அவர்கள் திரும்பி வந்து ஐந்து வருடம். படத்தில் தெரிவது யாரும் கோபித்துக்கொள்ள முடியாத அளவுக்குப் பழைய இடிபாடு.

ரயில்பாதைப் படங்களில் ஏணி இன்னும் பச்சையாகத் தெரியும். கலிஃபோர்னியாவிலிருந்து கிழக்கு நோக்கிப் பாதை போட்ட சென்ட்ரல் பசிபிக் நிறுவனத்தின் புகைப்படக்காரர் ஆல்ஃப்ரட் ஹார்ட். 1860-களில் அந்தப் பாதைக்காக அவர் எடுத்த இரட்டைப் படங்கள் 364. பனி மூடிய முகடுகள், தலைசுற்றும் பாலங்கள், குடைந்த மலைகள். அந்த வேலையைச் செய்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சீனர்கள். ஹார்ட்டின் படங்களில் அவர்கள் அகன்ற தொப்பிகளாகத் தூரத்தில் தெரிவார்கள். ஒரு படத்தில் சுரங்க வாயிலருகே ஒருவர், காவடி போலத் தோளில் கழி வைத்து, இரு முனையிலும் தொங்கும் கலயங்களில் வேலையாட்களுக்கு டீ கொண்டுபோகிறார். அவர் பெயர் படத்தின் அட்டையில் இல்லை என்பதில் ஆச்சரியமில்லை. கம்பெனியின் சம்பளக் கணக்கிலேயே பெரும்பாலும் மேஸ்திரியின் பெயர்தான் இருந்தது. அவர் வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பார். வெள்ளையர்களுக்குச் சம்பளத்தோடு சாப்பாடும் உண்டு. சீனர்கள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். 1867 ஜூனில் சம ஊதியம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தபோது, கம்பெனி உணவு வருவதை நிறுத்தியது. ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது.

1869 மே 10-ல் யூட்டாவின் பிரமான்டரி என்ற இடத்தில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் சந்தித்தன. ஆண்ட்ரூ ரஸ்ஸல் எடுத்த அந்த விழாப் படம் அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் எல்லாம் உண்டு. இரண்டு எஞ்சின்கள் முட்டிக்கொண்டு நிற்க, தலைமைப் பொறியாளர்கள் இருவரும் நடுவில் கைகுலுக்குகிறார்கள். எஞ்சின்மேல் ஏறியவர்கள் மதுப்புட்டிகளை நீட்டுகிறார்கள். கூட்டமான கூட்டம். மலையைக் குடைந்த சீனர்கள் அதில் அடையாளம் காணும்படி இல்லை. 13 ஆண்டுகள் கழித்து, 1882-ல், சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரக் கூடாது என்று அமெரிக்கா சட்டமே போட்டது.

பெண்களுக்கு இந்த ஏணியில் கால்வைக்கவே இடம் கொடுக்கவில்லை. சர்வேக்கள் ராணுவ முகாம்கள் போல நடந்தன. கலிஃபோர்னியாவின் அயோன் என்ற சுரங்க ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்த எலைசா விதிங்டன் தன் வழியைத் தானே கண்டுபிடித்தார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பயணிகள் வண்டியில் மலைக்குப் போவார். இருட்டுக் கூடாரம் கைவசம் இல்லாதபோது தன் கனமான கறுப்புப் பாவாடையையே கூடாரமாக்கிக் கண்ணாடித் தகட்டைக் கையாள்வார். ஒரு பெண் எப்படி இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கிறாள் என்று 1876-ல் பிலடெல்ஃபியாவின் புகைப்படப் பத்திரிகை ஒன்றில் கட்டுரையும் எழுதினார். அவருக்குப் பின்னால் கழுதைக் கூட்டமோ வாஷிங்டனின் பணமோ இல்லை. சிகரங்களைப் பிடித்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் சேர வெகுகாலம் ஆயிற்று.

இத்தனைக்கும் ஏணியின் மேல்படியில் நின்ற புகைப்படக்காரர்களும் அங்கே நிலையாக நிற்கவில்லை. பெயர் பறிபோவது அந்தத் தொழிலில் ஆரம்பத்திலிருந்தே இருந்த வியாதி. உள்நாட்டுப் போரின் படங்களைத் தன்னிடம் வேலை பார்த்தவர்கள் எடுத்தாலும் மாத்யூ பிராடி தன் ஸ்டூடியோவின் பெயரிலேயே வெளியிட்டார். பிராடியிடமிருந்து பிரிந்த அலெக்ஸாண்டர் கார்ட்னர் 1866-ல் வெளியிட்ட போர்ப்பட ஆல்பத்தில் ஒவ்வொரு படத்தையும் எடுத்தவர் யார் என்று போட்டார். 100 படங்களில் 44 ஓ'சல்லிவனுடையவை. அப்படிப் போட்டிருக்காவிட்டால் அந்த இளைஞனை வரலாறு பிராடியின் கணக்கில் எழுதியிருக்கும். அந்த ஓ'சல்லிவனும் 1882-ல் காசநோயால் இறந்தபோது வயது நாற்பதைச் சற்றே தாண்டியிருந்தது.

வாட்கின்ஸின் கதை இன்னும் கசப்பானது. ஆல்ஃப்ரட் ஹார்ட்டின் ரயில்பாதை நெகட்டிவ்கள் 1870 வாக்கில் வாட்கின்ஸின் கைக்கு வந்தன. ரயில் முதலாளி காலிஸ் ஹன்டிங்டன் அவருக்கு வாலிபப் பருவத்திலிருந்தே நண்பர். ஹார்ட் எடுத்த படங்களை வாட்கின்ஸ் தன் பெயர் போட்டு வெளியிட்டார். சீனத் தொழிலாளிக்குப் பெயர் கொடுக்காத படத்தை எடுத்தவருக்கும் இப்போது பெயர் இல்லை. சில ஆண்டுகளில் முறை மாறியது. கடன் கழுத்தை நெரிக்க, 1870-களின் நடுவில் வாட்கின்ஸ் தன் கேலரியையும் யோசெமிட்டி நெகட்டிவ்களையும் இழந்தார். அவை ஐசையா டேபர் என்ற போட்டி ஸ்டூடியோக்காரரிடம் போய்ச் சேர்ந்தன. டேபர் அவற்றைத் தன் பெயர் போட்டு விற்றார். ஹார்ட்டுக்குச் செய்தது தனக்கே திரும்பி வந்தது. வாட்கின்ஸ் வேறு வழியின்றி மீண்டும் மலையேறி, தான் எடுத்த படங்களையே இன்னொரு முறை எடுத்து 'புதிய வரிசை' என்று விற்க முயன்றார்.

1890-களில் கண்பார்வை மங்கத் தொடங்கியது. வாடகை கொடுக்க முடியாமல் மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரு பழைய ரயில் பெட்டியில் குடியிருந்த காலமும் உண்டு. 1906 ஏப்ரல் 18-ல் சான் ஃபிரான்சிஸ்கோவைப் பூகம்பமும் தீயும் அழித்தபோது, அவர் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்திருந்த நெகட்டிவ்கள் ஸ்டூடியோவோடு சேர்ந்து அழிந்தன. பார்வையிழந்த அந்தக் கிழவரைக் கைத்தடியோடு தெருவில் அழைத்துப் போகும் காட்சியை அன்றைக்கு யாரோ படமெடுத்திருக்கிறார்கள். 1910-ல் நாபாவின் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1916-ல் அங்கேயே இறந்தார். மருத்துவமனை வளாகத்தில் அடையாளக் கல்கூட இல்லாமல் புதைத்தார்கள். யோசெமிட்டியில் அவர் பெயரில் ஒரு மலை இருக்கிறது. கல்லறையில்தான் பெயர் இல்லை.

பெயர் சூட்டும் அதிகாரம் படைத்தவர்கள் சர்வேயின் தலைவர்கள். அவர்களில் மிகவும் கொண்டாடப்பட்டவர் கிளாரன்ஸ் கிங். ஓ'சல்லிவனைப் பாலைவனத்துக்கு அழைத்துப் போனவர் அவர்தான். 1879-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநர் ஆனார். ஸியரா நெவாடாவில் ஒரு சிகரத்துக்கு அவர் பெயர். அந்த மனிதர் 1888-ல் நியூயார்க்கில் ஏடா கோப்லண்ட் என்ற கறுப்பினப் பெண்ணை மணந்தார். ஏடா ஜார்ஜியாவில் அடிமைத்தனத்தில் பிறந்தவர். வெள்ளைக்காரப் பிரமுகர் அப்படி மணந்தது வெளியே தெரிந்தால் எல்லாம் போய்விடும். எனவே தன் பெயர் ஜேம்ஸ் டாட், ரயிலில் வேலை செய்யும் கறுப்பினப் பணியாள் என்று மனைவியிடமே சொல்லி வாழ்ந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தன. 1901-ல் அரிஸோனாவில் சாகக் கிடந்தபோதுதான் உண்மைப் பெயரைக் கடிதத்தில் எழுதினார். அவர் விட்டுப்போனதாக நம்பிய பணத்துக்காக ஏடா 1930-களில் நீதிமன்றம் ஏறித் தோற்றார். 1964-ல் காலமானார். மலைக்குக் கொடுக்க முடிந்த பெயரை வீட்டுக்குள் கொடுக்க கிங்கால் முடியவில்லை. ஏணி அவரையும் விடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் அருங்காட்சியகங்கள் ஓ'சல்லிவனையும் வாட்கின்ஸையும் மீட்டெடுத்தன. ஆன்சல் ஆடம்ஸ் போன்றவர்கள் அவர்களை முன்னோடிகளாகக் கொண்டாடினார்கள். ஆடம்ஸ் 1942-ல் கான்யன் டி ஷேயின் அதே பாறையை எடுத்தார். புகைப்படக்காரர்களுக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. ஏணியின் கீழ்ப்படிகளில் இருந்தவர்களின் முறை இன்னும் தாமதமாக வந்தது.

சீனத் தொழிலாளர்களைப் பற்றி 2012-ல் ஆய்வு தொடங்கியது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அதை நிறுவிய லீலண்ட் ஸ்டான்ஃபோர்டுதான் சென்ட்ரல் பசிபிக்கின் தலைவராக இருந்தவர். அந்த ஆய்வாளர்கள் தேடியும், ரயில்பாதை போட்ட ஒரு சீனர் தன் கையால் எழுதிய ஒரு கடிதம்கூட அகப்படவில்லை. 2014-ல், நியூயார்க்கின் சீன-அமெரிக்கப் புகைப்படக்காரர் கார்க்கி லீ, அந்தத் தொழிலாளர்களின் வம்சாவளியினரைப் பிரமான்டரிக்கு அழைத்துப் போனார். எஞ்சின்களுக்கு முன்னால் அவர்களை நிற்க வைத்து, 1869-ன் படத்தை மறுபடியும் எடுத்தார்.

2022-ல் யெல்லோஸ்டோனில் ஒரு சிகரத்தின் பெயரும் மாறியது. அதுவரை அது டோன் சிகரம். லெப்டினன்ட் கஸ்டாவஸ் டோன் 1870 கோடையில் யெல்லோஸ்டோனை ஆராய்ந்த குழுவோடு போனவர். அதே ஆண்டு ஜனவரியில் மரையாஸ் ஆற்றங்கரையில் பீகன் ப்ளாக்ஃபீட் மக்கள் குறைந்தது 173 பேர் கொல்லப்பட்ட தாக்குதலில் பங்கு வகித்தவர். இறந்தவர்களில் பலர் பெண்கள், முதியவர்கள், குழந்தைகள். இப்போது அந்த மலைக்கு 'முதல் மக்கள் மலை' என்று பெயர்.

நவஹோ இனத்தைச் சேர்ந்த வில் வில்ஸன் என்ற புகைப்படக்காரர் 2012 முதல் வேறொரு காரியம் செய்துவருகிறார். அதே பழைய ஈரத் தகடு முறையைக் கையில் எடுத்துக்கொண்டார். பெரிய கேமரா, கொலோடியன், சில்வர் நைட்ரேட் எல்லாம் 1870-களில் இருந்தவையே. எதிரே உட்காருபவர் எந்த உடையில், எந்தப் பொருளோடு, எப்படி உட்கார வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார். பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளப்படுகிறது. கழுவி முடித்ததும் ஒரு பிரதியை மட்டும் ஸ்கேன் செய்து வைத்துக்கொண்டு, அசல் தகட்டை வில்ஸன் உட்கார்ந்திருந்தவர் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிறார்.